சைக்கிளில் மரை போய்விட்டால்: எதைக் காப்பாற்றுவது, எதைத் தூக்கிப்போடுவது

போல்ட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே மாட்டேன் என்கிறது. அல்லது பெடல் பாதி தூரம் உள்ளே போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. அப்போது முதலில் செய்ய வேண்டிய வேலை, கையில் இருக்கிற ஸ்பேனரைக் கீழே வைப்பது. லேசாக அடிபட்ட மரையை வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். "இன்னும் ஒரு சுற்று அழுத்திப் பார்ப்போம்" என்று பலத்தைப் போட்ட பிறகு அதே இடத்துக்கு லேத் பட்டறைதான் கதி.

மரை என்றால் எப்போதும் இரண்டு பேர். வெளியில் மரை உள்ள ஆள் (போல்ட்டு, சக்கரத்தின் அச்சான ஆக்சில், பெடல் தண்டு), உள்ளே மரை உள்ள ஆள் (நட்டு, பெடல் மாட்டும் கையான கிராங்கின் ஓட்டை, ஃபிரேமில் இருக்கும் ஓட்டை). இவர்களில் யார் அடிபட்டார், யார் விலை குறைந்தவர் என்று பாருங்கள். போல்ட்டும் நட்டும் சில்லறைக் காசு, யோசிக்காமல் மாற்றலாம். கிராங்க், ஆக்சில் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் கடையில் கிடைக்கும். ஃபிரேமில் இருக்கிற மரை மட்டும் கடையில் கிடைக்காது, அதனால் அதைத் தொடும் எந்த வேலையிலும் அவசரமே கூடாது.

நம்ம வடசென்னைப் பக்கம் இதற்குக் கூடுதலாக ஒரு எதிரி உண்டு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எர்ணாவூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் நிற்கும் சைக்கிளுக்கு உப்புக்காற்று தினசரிச் சாப்பாடு. இரும்பு போல்ட்டு துருப்பிடித்து மரைக்குள்ளேயே வீங்கிக்கொள்ளும், கழற்றும்போது மரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அலுமினிய கிராங்கில் இரும்புப் பெடல் தண்டு இருந்தால் இன்னும் மோசம், இரண்டு வேறு உலோகம் சேர்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு வேகமாக நடக்கும், கடைசியில் இரண்டும் ஒட்டியே போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்த சைக்கிள்களில் இன்னும் பிரித்தே பார்க்காதவை இருந்தால், அவற்றின் ஆக்சிலையும் பெடலையும் கழற்றும் முன் கொஞ்சம் பயம் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, கழற்றுவதற்கு முன்பு. துருவைக் கரைக்கும் எண்ணெயை (டபிள்யூ.டி.40 மாதிரி எதுவானாலும் சரி) இரண்டு பக்கமும் விட்டு, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஊறிய பிறகு ஸ்பேனரை மாட்டி, முதலில் இறுக்கும் திசையில் துளி அசைத்து, அப்புறம் கழற்றுங்கள். துரு உடைய இந்தச் சின்ன அசைவு போதும். சரியான அளவு ஸ்பேனர் இல்லாமல் தொடவே வேண்டாம், கட்டிங் பிளேயரை வைத்துத் திருகி தலை மழுங்கிப்போன போல்ட்டுகளைக் கழற்றுவது தனி வேலை.

அளவு தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்

சைக்கிள் மரை அளவுகள் குழப்பமானவை, ஏனென்றால் பழைய பிரிட்டிஷ் அங்குல அளவும் மெட்ரிக் அளவும் ஒரே வண்டியில் சேர்ந்து கிடக்கும். ஒரு வெர்னியரும் ஒரு த்ரெட் கேஜும் (மரையின் பல்லோடு பல் பொருத்திப் பார்க்கும் தகடுகள்) இருந்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும். இரண்டையும் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெருவில் உள்ள டூல்ஸ் கடைகளில் கேளுங்கள்.

பெடலுக்கு 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. கிராங்கும் அச்சும் ஒரே துண்டாக வளைந்து வரும் சின்னக் குழந்தைகள் சைக்கிளில் மட்டும் 1/2 அங்குலம், அதே 20. சாதாரணப் பெரிய சைக்கிளின் பின் ஆக்சில் 3/8 அங்குலம், 26 மரை. முன் ஆக்சில் 5/16 அங்குலம், 26 மரை. கியர் சைக்கிள் என்றால் பின் ஆக்சில் பெரும்பாலும் 10 எம்.எம்., முன்னால் 9 எம்.எம்., இரண்டுக்கும் மரை இடைவெளி 1 எம்.எம். மட்கார்டு, கேரியர், பாட்டில் ஸ்டாண்டு போல்ட்டு எல்லாம் 5 எம்.எம்., இடைவெளி 0.8.

இதில் ஆளைக் கவிழ்க்கும் இடம் பின் ஆக்சில். 3/8 அங்குலம் என்றால் 9.5 எம்.எம். சொச்சம், மரை இடைவெளியும் 1 எம்.எம்.முக்கு மிக நெருக்கம். அதனால் 10 எம்.எம். நட்டு ஒன்றை 3/8 ஆக்சிலில் போட்டால் அழகாகச் சுற்றி உள்ளே போய்விடும், லூசாக இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள், இறுக்கும்போதுதான் மரை வழுக்கும். நட்டு விரலால் சுற்றும்போது பக்கவாட்டில் தடதடவென்று ஆடினால் அது உங்கள் ஆக்சிலுக்கான நட்டு இல்லை.

இன்னொன்று, ஹார்டுவேர் கடையில் "10 எம்.எம். டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) கொடுங்கள்" என்று கேட்டால் கிடைப்பது இடைவெளி 1.5 உள்ள டேப்பாகத்தான் இருக்கும், அதுதான் பொதுப் புழக்கம். சைக்கிளில் டிரெய்லர் (பின்னால் தொங்கும் கியர் மாற்றும் கருவி) மாட்டும் ஓட்டைக்கு வேண்டியது 10க்கு 1. அதேபோல சதுர அச்சில் (இரண்டு கிராங்கையும் இணைக்கும் நடு அச்சின் முனை சதுரமாக இருக்கும் வகை) கிராங்கைப் பிடிக்கும் போல்ட்டு 8 எம்.எம்.முக்கு 1, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 எம்.எம். போல்ட்டோ 1.25. விரலால் மூன்று சுற்று போகும், அப்புறம் சிக்கும், அதற்கு மேல் ஸ்பேனர் போட்டால் இரண்டு பக்க மரையும் காலி. எப்போதும் பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு போய் "இதே மரை, ஃபைன் மரை" என்று சொல்லிக் கேளுங்கள்.

பெடல்: அதிகம் அடிபடும் மரை

இடப்பக்கப் பெடலுக்கு இடது மரை, வலப்பக்கத்துக்கு வழக்கமான வலது மரை. இது ஏதோ விசித்திரத்துக்காக வைத்தது கிடையாது. பெடல் தண்டு ஓட்டைக்குள் இம்மியளவு தளர்ந்திருந்தாலும், மிதிக்கிற பாரம் சுற்றிச்சுற்றி வருவதால் தண்டு ஓட்டையின் சுவரை உரசியபடி எதிர்த்திசையில் மெல்ல உருளும். இடப்பக்கம் வலது மரை வைத்தால் அந்த உருளலே பெடலைக் கழற்றிக் கீழே போட்டுவிடும். புதிதாக வருகிறவர்கள் பலர் இரண்டு பெடலையும் மாற்றி மாட்டப் பார்த்து, போகாததை அழுத்திப் போகவைத்துத்தான் கிராங்க் மரையைத் தின்னக் கொடுக்கிறார்கள். தண்டின் நுனியிலோ ஸ்பேனர் பிடிக்கும் இடத்திலோ எல் அல்லது ஆர் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அழிந்துபோயிருந்தால் தண்டைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள், மரை வரிகள் வலப்பக்கம் ஏறினால் வலது, இடப்பக்கம் ஏறினால் இடது.

கழற்றும் திசை நினைவில் நிற்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பிடியைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும். இரண்டு பக்கமும் அப்படியே. பெரும்பாலான பெடலுக்கு 15 எம்.எம். ஸ்பேனர், சிலவற்றுக்குப் பின்பக்கமிருந்து 6 அல்லது 8 எம்.எம். ஆலன் கீ.

பெடல் கோணலாக ஏறி முதல் இரண்டு மூன்று மரை மட்டும் நசுங்கியிருந்தால் பிழைக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்து ஓட்டையைச் சுத்தமாகத் தேயுங்கள், மணல் ஒரு துகள் இருந்தாலும் அதுவே அரம் மாதிரி வேலை செய்யும். அப்புறம் கிராங்கை வண்டியிலிருந்து கழற்றி, அதன் உட்பக்கத்திலிருந்து, அதாவது ஃபிரேமைப் பார்த்து நிற்கும் பக்கத்திலிருந்து, நல்ல மரை உள்ள பழைய இரும்புப் பெடல் ஒன்றைக் கிரீஸ் தடவி விரலால் சுற்றி ஏற்றுங்கள். அந்தப் பக்க மரை அடிபடாமல் இருப்பதால் தண்டு நேராகப் பிடித்துக்கொள்ளும், வெளியே வரும்போது நசுங்கிய வரிகளை நிமிர்த்திக்கொண்டு வரும். எந்தப் பக்கமிருந்து விட்டாலும் மரையின் திசை மாறாது, இடது கிராங்குக்கு இடது பெடல்தான். கால் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடி கால் சுற்று என்று பொறுமையாகப் போங்கள். பெடல் டேப் செட் வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் இடது மரை டேப் சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைப்பது அரிது, சைக்கிளுக்கென்று ஜோடியாக வருவதைத்தான் தேட வேண்டும்.

மரை மொத்தமாக உரிந்து, ஓட்டைக்குள் அலுமினியம் சுருள்சுருளாக வந்துவிட்டது என்றால் கிராங்கை மாற்றிவிடுங்கள். இதில் என் கருத்து உறுதியானது. பெரிதாகத் துளைத்து, உள்ளே இரும்பு புஷ் (சின்ன உருளை) இறக்கி, அதில் புதிதாக 9/16 மரை வெட்டுவது முடியும், நல்ல லேத்காரர் செய்தால் பழைய மரையைவிட வலுவாகவே நிற்கும். ஆனால் சாதாரணச் சைக்கிளின் ஒற்றைக் கிராங்கு கிடைக்கிற விலைக்கு அந்த வேலைக்கூலி கட்டாது. வேறு கிடைக்காத பழைய மாடல் கிராங்க், அல்லது விலை கூடிய ஜோடி என்றால் மட்டும் புஷ் போடுங்கள்.

அப்படிப் போடுவதாக இருந்தால் வியாசர்பாடி சிட்கோ பக்கமோ, காசிமேட்டில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறைகளிலோ கேட்டுப்பாருங்கள், பெரிய பெரிய தண்டுகளுக்கு மரை போடுகிறவர்களுக்கு இது சின்ன வேலை. கிராங்கை மட்டும் கொண்டுபோகாதீர்கள், பெடலையும் சேர்த்துக் கையில் கொடுத்து, "அண்ணே, இது இடது மரை, 9/16, இருபது மரை, இந்தப் பெடலுக்குச் சேரணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் "ஓட்டையைச் சுத்தி சதை இருக்குதா தம்பி?" என்று கேட்டால் அது மிகச் சரியான கேள்வி, துளைத்த பிறகு சுற்றிலும் மெலிந்த விளிம்புதான் மிஞ்சும் என்றால் மிதிக்கும்போது கிராங்க் பிளந்துவிடும், அந்தக் கிராங்கை விட்டுவிட வேண்டியதுதான்.

கிராங்கை மாற்றும்போது பின்பக்கம் 170 அல்லது 165 என்று நீளம் பொறித்திருக்கும், மறுபக்கத்துக் கிராங்கோடு அது ஒத்துப்போக வேண்டும். சதுர அச்சு என்றால் நடு போல்ட்டை (பெரும்பாலும் 14 எம்.எம். பாக்ஸ்) கழற்றிவிட்டு கிராங்க் புல்லரை (கிராங்கை அச்சிலிருந்து இழுத்து எடுக்கும் கருவி) போடுங்கள். அதற்கு முன் போல்ட்டுக்கு அடியில் இருக்கிற வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். வாஷர் உள்ளே இருந்தால் புல்லரின் தண்டு அச்சைத் தள்ளாமல் வாஷரைத் தள்ளும், கிராங்கின் 22 எம்.எம். மரை அப்படியே பிய்ந்து வெளியே வரும். புல்லரை விரலால் கடைசி வரை ஏற்றிய பிறகுதான் தண்டைச் சுற்ற வேண்டும், பாதி மரையில் நிறுத்தி இழுத்தாலும் அதே கதிதான்.

புதுப் பெடலை ஏற்றும்போது மரையில் கிரீஸ் தடவி, முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் தண்டு 'டக்' என்று உள்ளே விழும், அதுதான் மரையின் வாய், அங்கிருந்து இறுக்கும் திசைக்கு மாற்றினால் கோணலாக ஏறாது. முதல் நான்கைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். கடைசியில் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம், அதாவது ஒரு ஜாண் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் இருபது கிலோ பாரம் வைத்த மாதிரி. மெக்கானிக் சொல்லும் "கை டைட்" இதற்குப் போதாது, லூசாக விட்ட இடது பெடல்தான் பெரும்பாலான கிராங்குகளைக் கொன்றிருக்கிறது.

காட்டர் பின்

பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள், மீன் கூடை கட்டும் பழைய கறுப்பு சைக்கிள் மாதிரி வண்டிகளில் கிராங்கை அச்சோடு பிடித்திருப்பது பெரும்பாலும் காட்டர் பின், அதாவது ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்த இரும்பு முளை. அதன் மரை போவதற்கு ஒரே காரணம், நட்டை இறுக்கியே பின்னை உள்ளே இழுக்கப் பார்ப்பது. அந்த மெல்லிய மரைக்கு அந்த வேலை இல்லை. பின்னைச் சுத்தியலால் அடித்து உட்காரவைத்த பிறகு, அது திரும்பி வராமல் காவல் நிற்பதுதான் நட்டின் வேலை.

கழற்றும்போது நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்கு வரும் வரை தளர்த்தி விட்டுவிடுங்கள், முழுசாக எடுக்க வேண்டாம். கிராங்குக்கு அடியில், பின்னின் தலை இறங்க இடம்விட்டு, ஒரு இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ஸிலும் கப்பிலும் இறங்கும். அப்புறம் ஒரே ஓங்கிய அடி. தயங்கித் தயங்கித் தட்டினால் நுனி காளான் போட்டு இன்னும் இறுகும். வெளியே வந்த பின்னைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள், இதைச் சரிசெய்து திரும்பப் போடுவதில் ஒரு லாபமும் இல்லை. புதியதை மாட்டும்போது இரண்டு பக்கப் பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் கிராங்குகள் ஒரே கோட்டில் நிற்காது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி முட்டுக்கொடுத்து ஒரு அடி, நட்டில் ஒரு இறுக்கு.

ஆக்சில், சின்ன போல்ட்டுகள்

ஆக்சில் நுனியில் மரை நசுங்கியிருந்தால் முப்பட்டை அரத்தால் வரிவரியாக எடுத்துவிடலாம். நடுவில் மரை உரிந்திருந்தால் ஆக்சிலை மாற்றுங்கள், அதுவும் கோனோடும் (பால்ஸ் உருளும் கூம்பு நட்டு) நட்டோடும் செட்டாக வாங்குங்கள். புது ஆக்சில் நீளமாக இருந்து அறுக்க வேண்டி வந்தால், அறுக்கும் இடத்துக்கு உள்ளே ஒரு நட்டை ஏற்றிவிட்டு அறுங்கள், அறுத்த முனையை அரத்தால் சாய்த்துவிட்டு அந்த நட்டை வெளியே சுற்றி எடுத்தால் அதுவே மரையைச் சரிசெய்துவிடும்.

மட்கார்டு, கேரியர் கண்களில் 5 எம்.எம். மரை போனால் டேப் விடுவதற்கு முன் எளிய வழியைப் பாருங்கள்: ஓட்டை ஊடுருவிப் போகிறதென்றால் நீளமான போல்ட்டைப் போட்டு மறுபக்கம் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது, தானாகத் தளராது) வைத்துவிடலாம். செயின் பக்கம் மட்டும் நட்டு ஃப்ரீவீலிலோ செயினிலோ இடிக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

டேப் விட்டே ஆக வேண்டும் என்றால், மரை லேசாகத்தான் கெட்டிருக்கிறது எனும்போது 5 எம்.எம். டேப்பையே விட்டுச் சுத்தம் செய்யலாம். முழுசாகப் போயிருந்தால், சுற்றிலும் இரும்பு போதுமான அளவு இருக்கும் இடத்தில் மட்டும் 5 எம்.எம். டிரில்லால் துளைத்து 6 எம்.எம். டேப் விடலாம். டேப்பை முதல் இரண்டு சுற்று நேராகப் பிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் குனிந்து பாருங்கள். அரைச் சுற்று முன்னால் போனால் கால் சுற்று பின்னால் வந்து பிசிறை உடைக்க வேண்டும். இரும்புக்கு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுங்கள். டேப் இறுகுகிறதா, உடனே நிறுத்துங்கள். உள்ளே உடைந்த டேப்பை டிரில் போட்டு எடுக்க முடியாது, டேப் டிரில்லைவிடச் சளைத்த இரும்பு இல்லை.

பாட்டில் ஸ்டாண்டு ஓட்டையில் போல்ட்டோடு சேர்ந்து உள்ளே இருக்கும் மரைக்குமிழும் சுற்றினால் அது மரைக் கோளாறே இல்லை, ஃபிரேமில் அழுத்திப் பொருத்திய குமிழ் தளர்ந்துவிட்டது. அதை அழுத்திப் பிடிக்கும் கருவி உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள்.

கியர் தொங்கும் காது, பி.பி. கப்

பின் டிரெய்லர் தொங்கும் காது அலுமினிய ஃபிரேமில் பெரும்பாலும் தனியாகக் கழலும் துண்டு, அதை மாற்றிவிடலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வடிவம் என்பதால் பழையதைக் கழற்றி, போல்ட்டு ஓட்டைகளின் இடைவெளியை அளந்து, அதே வடிவத்தை வாங்குங்கள். விலை குறைந்த கியர் சைக்கிள்களில் ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் தகடு இருக்கும், அது இன்னும் சுலபம். ஃபிரேமோடு சேர்ந்த இரும்புக் காது என்றால் 10க்கு 1 டேப்பைப் பின்பக்கமிருந்து, நல்ல மரை உள்ள பக்கமிருந்து, விட்டுப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் சுருள் கம்பி மரை போடலாம், ஆனால் அதற்கு லேத் பட்டறையில் விடுவதே நல்லது.

பி.பி. என்பது பாட்டம் பிராக்கெட், கிராங்குகளை இணைக்கும் அச்சு சுற்றுகிற இடம், அதை ஃபிரேமில் பிடிக்கும் மரைக் கிண்ணம்தான் கப். பி.பி. கப்பின் மரையை வீட்டில் வெட்டப் போகாதீர்கள். இங்கே அளவு பெரும்பாலும் 1.37 அங்குலம், 24 மரை. செயின் இருக்கும் வலப்பக்கக் கப்புக்கு இடது மரை, இடப்பக்கத்துக்கு வலது மரை. பெடலுக்கு நேரெதிர் என்பதால் இங்கே தப்பான பக்கம் சுற்றி ஃபிரேம் மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம். கப் விரலால் மூன்று நான்கு சுற்று போகாவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி முயலுங்கள். ஃபிரேம் மரை உண்மையிலேயே போயிருந்தால், மரையே தேவைப்படாமல் ஷெல்லுக்குள் (கப் ஏறும் ஃபிரேம் குழாய்) விரிந்து பிடிக்கும் வகை பி.பி. ஆன்லைனில் தேடினால் வரும். ஷெல்லில் கப்பை வைத்து வெல்டிங் அடித்துத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள், அப்புறம் அந்தக் கப்பை யாராலும் கழற்ற முடியாது.

போல்ட்டு உள்ளேயே முறிந்துவிட்டால்

முறிந்த துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஃபிரேமும் இரும்பு என்றால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து நட்டின் நடுவில் வெல்டிங் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சூட்டிலேயே துருவின் பிடி விடும், ஆறியதும் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருகினால் துண்டு வந்துவிடும். அலுமினிய ஃபிரேமில் இதைச் செய்யவிடாதீர்கள். அங்கேயும், துண்டு மட்டத்தோடு முறிந்த இடங்களிலும், நடுப்புள்ளியைப் பஞ்ச்சால் சரியாக அடித்து, 5 எம்.எம். போல்ட்டுக்கு 2.5 அல்லது 3 எம்.எம். டிரில்லால் நேராகத் துளைத்து, எக்ஸ்ட்ராக்டரை (முறிந்த துண்டை உள்ளிருந்து கவ்வி எடுக்கும் கருவி) இடப்பக்கம் சுற்றி எடுக்க வேண்டும். டிரில் போடும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து மாட்டுகிற ஒவ்வொரு மரையிலும் கிரீஸ் தடவுங்கள். கடற்கரை ஓரம் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த கையோடு, பெடலையும் சீட் போல்ட்டையும் ஒரு தடவை கழற்றித் துடைத்துக் கிரீஸ் போட்டு மாட்டுங்கள். புதிதாக மாற்றிய பெடலும் கிராங்கும் மட்டும் இருபது முப்பது கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனர் வைத்து ஒருமுறை பார்க்கப்பட வேண்டும், அலுமினியம் உட்கார்ந்து கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும்.